எதுவும் வாங்காதவரும் போகத் தகுந்த மால்கள்

உங்களுக்குப் பிடித்த ஷாப்பிங் மால்கள் எவை, தேடிப் போகும் அளவுக்கு அவற்றில் என்ன இருக்கிறது என்று ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார். எல்லா மால்களிலும் அதே நிறுவனங்களின் அதே பெயர்ப் பலகைகள்தாமே தொங்குகின்றன, பிறகு ஒன்று இன்னொன்றைவிட எப்படி மேலானதாக முடியும் என்ற ஐயத்தையும் கேள்வியின் கடைசி வரியில் சேர்த்திருக்கிறார். உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. கடைகள் எங்கும் ஒன்றாகவே இருந்தால், வேறுபடக்கூடியது கடைகளுக்கு வெளியே உள்ள இடம் மட்டுமே: நடைவழி, கூரை, வெளிச்சம், படிகள், உட்காரும் இடம். நான் கட்டடக்கலை படித்து, வணிகக் கட்டடங்களின் உள்வழிகளைத் திட்டமிடும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். ஆகவே இது ஒரு திட்டக்காரரின் பதில். எங்கே தள்ளுபடி கூடுதல், எந்தக் கடையில் சரக்கு நன்றாக இருக்கும் என்பவற்றில் என் சொல்லை நம்பிப் போக வேண்டாம்.

ஒரு மாலின் தரத்தை மதிப்பிட நான் பயன்படுத்தும் அளவுகோல் எளியது. எதையும் வாங்கும் எண்ணமில்லாத ஒருவர் அங்கே இரண்டு மணி நேரம் சலிப்பில்லாமலும், துரத்தப்படுவதுபோல் உணராமலும் இருக்க முடிகிறதா என்று பார்ப்பேன். வியாபாரத்துக்காகக் கட்டிய இடத்தை வியாபாரம் செய்யாதவரைக் கொண்டு அளப்பது முறையா என்று நீங்கள் கேட்கலாம். கடைகளின் குத்தகை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முடிந்து, வாடகைதாரர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கட்டடத்தின் நடைவழியும் நடுமுற்றமும் கூரையும் மாறுவதில்லை. வாங்காதவருக்கும் இதமாக இருக்கும் இடத்தில், வாங்க வந்தவர் தாமாகவே கூடுதல் நேரம் தங்குகிறார் என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் அறிவார்கள். ஆனால் அந்த அறிவுக்குப் பணம் செலவழிக்கத் துணிபவர்கள் குறைவு, ஏனெனில் பெஞ்சு போடும் இடத்துக்கு யாரும் வாடகை தருவதில்லை.

இந்த அளவுகோலில் என் பட்டியலின் மேலே நிற்பவை, மால் என்ற வடிவம் பிறப்பதற்கு முன்பே கட்டப்பட்டவை. மிலான் நகரின் கலேரியா விட்டோரியோ இமானுவேலே 1865-இல் தொடங்கி 1877-இல் முழுமை பெற்றது. அதை வடிவமைத்த ஜுசெப்பே மெங்கோனி, பணி முடியும் தறுவாயில் அதன் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். பேராலயச் சதுக்கத்தையும் ஸ்காலா இசையரங்கின் சதுக்கத்தையும் அது இணைக்கிறது. சிலுவை வடிவில் இரண்டு வழிகள் குறுக்கிட, அவை சந்திக்கும் எண்கோணத்தின் மேல் இரும்பும் கண்ணாடியும் கொண்ட குவிமாடம் எழுகிறது. பார்ப்பவர்கள் அண்ணாந்து அந்தக் குவிமாடத்தைப் படமெடுக்கிறார்கள். நான் வியப்பது தரைத் திட்டத்தை. நகரத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறவருக்கு அது ஒரு குறுக்கு வழி. கதவுகள் இல்லை, படியேற வேண்டியதில்லை, உள்ளே நுழைந்துவிட்டோம் என்ற உணர்வுகூட வருவதில்லை. கடைகளைப் பார்க்க வந்தவர்கள் மட்டுமன்றி, அலுவலகத்துக்குப் போகிறவரும் வீடு திரும்புகிறவரும் அந்த வழியே நடப்பதால், அது எந்த நேரத்திலும் ஊரின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பு, 1847-இல் திறக்கப்பட்ட பிரஸ்ஸல்ஸ் நகரின் செயின்ட் ஹூபெர்ட் கலேரிகளும் இதே வகை. ஆனால் அங்கே கண்ணாடிக் கூரையின் கீழ் செல்லும் வழி நேராக இல்லாமல் நடுவில் சற்றுத் திரும்புகிறது. அந்தச் சிறு திருப்பத்தால் மறுமுனை ஒரேயடியாகக் கண்ணில் படாமல் போக, இருநூறு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அந்த நீளம் நடப்பவருக்கு நீளமாகத் தெரிவதில்லை. இன்றைய திட்டக்காரர்கள் கணினியில் வரைந்து கண்டுபிடிப்பதை அக்காலத்தார் கோலும் கயிறும் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

மாஸ்கோவின் கூம் வணிக வளாகம் இந்த வரிசையில் சேர்வது கூரைக்காக. செஞ்சதுக்கத்தின் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்து நிற்கும் அந்தக் கட்டடம் 1893-இல் திறக்கப்பட்டது. அதன் கண்ணாடிக் கூரையைக் கணக்கிட்டவர் பொறியாளர் விளாதிமிர் ஷூகோவ். மெல்லிய இரும்புக் கம்பிகளின் இழுவிசையில் வளைவுகளை நிற்க வைத்ததால், பெருந்தூண்கள் இல்லாமலேயே வானம் உள்ளே வந்துவிடுகிறது. ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் மூன்று வழிகளும், மேல்தளங்களில் இருபக்கத்தையும் இணைக்கும் சிறு பாலங்களும் அங்கே உண்டு. இன்று எத்தனையோ மால்களில் காணும் அமைப்பு அதுதான். விலையைப் பார்த்தால் பெரும்பாலானோர் அங்கே எதையும் வாங்க மாட்டார்கள், ஆயினும் பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.

இப்போது நாம் மால் என்று சொல்லும் மூடிய, குளிரூட்டிய பெட்டியின் கதை 1956-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஈடைனாவில் தொடங்குகிறது. அங்கே திறக்கப்பட்ட சவுத்டேல் சென்டரை வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்து, 1938-இல் ஆஸ்திரியாவை விட்டு அமெரிக்கா வந்த விக்டர் குரூயன். கடுங்குளிரும் வெக்கையும் மாறி மாறி வரும் அந்த ஊரில், ஆண்டு முழுவதும் ஒரே சீரான வெப்பநிலையில் ஒரு நடுமுற்றத்தை வைத்து, அதில் மரங்களையும் பறவைக்கூண்டையும் வைத்தார். இரண்டு தளங்கள், அவற்றை இணைக்கும் எஸ்கலேட்டர்கள், ஒன்றோடொன்று போட்டியிடும் இரண்டு பெருங்கடைகள் ஒரே கூரையின் கீழ், சுற்றிலும் கார் நிறுத்துமிடம் என்று பிற்காலம் நகலெடுத்த அத்தனையும் அங்கே இருந்தன. தம் ஊரின் சதுக்கத்தைப் புறநகருக்குக் கொண்டுவருவதுதான் குரூயனின் நோக்கம். வீடுகள், பள்ளி, மருத்துவ வசதி, பூங்கா ஆகியவை சூழ்ந்த ஒரு சிற்றூரின் மையமாகவே அவர் அதை வரைந்தார். மையம் மட்டும் கட்டப்பட்டது, மற்றவை அவர் வரைந்தபடி வரவில்லை. தம் பெயரால் பரவிய கட்டடங்களை முதுமையில் அவரே வெளிப்படையாகக் கடிந்து பேசினார் என்பது இந்தத் துறையில் எல்லாரும் அறிந்த செய்தி. சவுத்டேல் என் விருப்பப் பட்டியலில் இல்லை; ஆனால் அதை அறியாமல் மற்ற மால்களைப் படிக்க முடியாது.

அந்த வடிவத்தின் இயக்கம் இதுதான். நீண்ட நடைவழியின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பெருங்கடை இருக்கும். தொழிலில் அதை ஆங்கர் கடை என்பார்கள். மக்கள் வருவது அந்தப் பெயர்களுக்காக. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடக்கும்போது இடையிலுள்ள சிறுகடைகளைக் கடக்கிறார்கள். ஆகவே கூட்டத்தை இழுத்து வரும் பெருங்கடை சதுர அடிக்கு மிகக் குறைந்த வாடகை கொடுக்கும். அந்தக் கூட்டத்தால் பிழைக்கும் சிறுகடை பல மடங்கு கொடுக்கும். இதைத் தெரிந்துகொண்டு ஒரு மாலுக்குள் நுழைந்தால், எந்தக் கடை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது உங்களுக்கே புலப்படத் தொடங்கும். உணவுக்கூடத்தையும் திரையரங்கையும் பெரும்பாலும் மேல்தளத்தில் வைப்பதும் இதே காரணத்தால்தான், ஏனெனில் பசித்தவரும் படம் பார்க்க வந்தவரும் மற்றத் தளங்களைக் கடந்துதான் ஏற வேண்டும், கடந்துதான் இறங்கவும் வேண்டும்.

நல்ல திட்டமும் மோசமான திட்டமும் பிரிவது எஸ்கலேட்டரில். வழக்கமான எஸ்கலேட்டர் முப்பது பாகைச் சரிவில், நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் வேகத்தில் நகர்கிறது. தளத்தின் உயரம் ஐந்து மீட்டர் என்று கொண்டால், சரிவின் நீளம் பத்து மீட்டர், பயணம் இருபது நொடி. ஒரு மாலில் மனிதர் நடக்காமல், கடைக்காரர் யாரும் அழைக்காமல், தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்க்கும் ஒரே தருணம் அந்த இருபது நொடிதான். அக்கறையுள்ள திட்டக்காரர் அந்த நேரத்தில் முழுக் கட்டடமும் கண்ணுக்கு விளங்கும்படி எஸ்கலேட்டரை நடுமுற்றத்தின் ஓரத்தில் வைப்பார். நாம் எங்கே நுழைந்தோம், எங்கே போக வேண்டும் என்பது ஏறும்போதே தெரிந்துவிடும். பேராசை பிடித்த திட்டத்திலோ, ஒரு தளம் ஏறி முடித்ததும் அடுத்த எஸ்கலேட்டர் கட்டடத்தின் மறுகோடியில் இருக்கும். அது தற்செயல் என்று நம்பாதீர்கள், நம்மைக் கடைகளின் முன்னால் நடத்திப் போவதற்காகவே அப்படி வைக்கிறார்கள். மூட்டுவலியுள்ள ஒருவரோடு போகும்போதுதான் அந்தக் கணக்கின் கொடுமை தெரியும். நடுமுற்றத்தின் அகலத்திலும் இதே நுட்பம் உண்டு. மேல்தளத்தில் நிற்பவருக்கு எதிர்ப்பக்கக் கடையில் என்ன விற்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு மேல் அகலமானால் இரு பக்கமும் தனித்தனித் தெருக்களாகிவிடும், யாரும் பாலத்தைத் தேடிப் போய்க் கடக்க மாட்டார்கள். பிரம்மாண்டம் காட்டுவதற்காக அகலத்தைக் கூட்டிவிட்டுப் பிறகு ஒரு பக்கக் கடைகளுக்கு ஆளே வரவில்லை என்று கவலைப்பட்ட உரிமையாளர்களைப் பார்த்திருக்கிறேன்.

குரூயனின் பெட்டியை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஜான் ஜெர்டி. சான் டியேகோவில் 1985-இல் திறந்த ஹார்ட்டன் பிளாசாவில், தளங்கள் ஒன்றோடொன்று நேராகச் சேராமல், சரிவுகளும் பாலங்களும் திடீர்த் திருப்பங்களுமாக, திறந்த வானத்தின் கீழ் ஒரு சிறு மலையூரைப்போல அவர் அமைத்தார். எளிதாக வழி தவறும்படி வேண்டுமென்றே கட்டிய மால் அது. தொடக்கத்தில் அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்தது; பிறகு கடைகள் காலியாகி, அலுவலக வளாகமாக மாற்றும் பணியில் அந்த அமைப்பு பெருமளவு அழிந்தது. வழி தவறுவது முதல் வருகையில் இன்பம், ஒரு சட்டையை மாற்றிக்கொள்ள வந்தவருக்கு அதுவே தொல்லை என்பது என் கருத்து. ஜெர்டியின் நிறுவனம் ஒசாகாவில் செய்த நம்பா பார்க்ஸ் அந்தக் குறையைத் தாண்டியது. பழைய பேஸ்பால் மைதானம் இருந்த இடத்தில் 2003-இல் திறந்த அந்த வளாகத்தின் கூரை, தெருவிலிருந்தே தொடங்கிப் படிப்படியாக எட்டுத் தளங்கள் உயரத்துக்கு ஏறும் ஒரு தோட்டம். பக்கத்து ரயில் நிலையத்திலிருந்து வருகிறவர் ஒரு கடைக்குள்ளும் நுழையாமல், மரங்களுக்கும் நீரோடைக்கும் இடையே உச்சிவரை ஏறிப் போய்விடலாம். விரும்பிய தளத்தில் பக்கவாட்டில் திரும்பினால் கடை வரும். கடையையும் நடையையும் இப்படி அருகருகே வைத்து, இரண்டில் எதையும் மற்றொன்றுக்குக் கட்டணமாக்காத கட்டடம் அரிது. இக்காலத்து மால்களில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் இதைச் சொல்வேன்.

அடுத்து நிற்பது சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் ஜுவல். மோஷே சஃப்டி வடிவமைத்து 2019-இல் திறந்த அந்தக் கண்ணாடிக் குவிமாடத்தின் நடுத்துளையிலிருந்து நாற்பது மீட்டர் உயர அருவி விழுகிறது. சுற்றிலும் அடுக்கடுக்காக மரங்கள். விமானத்துக்குக் காத்திருப்பவர், வழியனுப்ப வந்தவர் என்று கையில் நேரமும் மனத்தில் வாங்கும் அவசரமின்மையும் உள்ளவர்களுக்காகவே அது கட்டப்பட்டிருப்பதால், என் அளவுகோல் அங்கே இயல்பாகப் பொருந்துகிறது. அருவியையும் காட்டையும் பார்க்கச் சீட்டு வேண்டாம். உச்சித் தளத்துப் பூங்காவுக்கு மட்டும் கட்டணம் உண்டு. என் குறை ஒன்றுதான்: கூட்டம் முழுவதும் ஒரே காட்சியை நோக்கித் திரும்பி நிற்கிறது, படமெடுத்து முடித்ததும் கலைந்துவிடுகிறது. வேடிக்கை எவ்வளவு பெரியதோ, அந்த அளவுக்கு மற்ற இடங்களில் மனம் ஒட்டாமல் போகும்.

வேடிக்கையையே முதலாகக் கொண்ட பெருமால்களைப் பலர் முதலிடத்தில் வைப்பார்கள். கனடாவில் 1981-இல் தொடங்கி விரிந்த வெஸ்ட் எட்மன்டன் மாலில் உள்ளரங்க அலைக்குளமும் ராட்டினங்களும் உள்ளன. 2008-இல் திறந்த துபாய் மாலில் ஒரு பெரும் மீன்காட்சியகம் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவருக்கு இவை நல்ல நாளாக அமையலாம். அந்த வகையில் என் ரசனை வழிகாட்டியாகாது. ஆனால் இவ்வகையில் ஒன்றைத் தொழில்முறையில் மதிக்கிறேன். சவுத்டேலுக்கு அருகிலேயே, 1992-இல் திறந்த மால் ஆஃப் அமெரிக்காவின் பொது இடங்களுக்கு, அந்த உறைபனி ஊரிலும், மைய வெப்பமூட்டல் கிடையாது. கூரைக் கண்ணாடி வழியே வரும் வெயில், விளக்குகளின் சூடு, நடக்கும் மனிதர்களின் உடல்வெப்பம் ஆகியவையே போதுகின்றன. வாயில்களில் மட்டும் தனியாகச் சூடேற்றுகிறார்கள்.

இதுவரை சொன்ன அமைப்பு விவரங்களில் எனக்கு ஐயமில்லை. மால்களைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் வேறு சிலவற்றை அவ்வளவு உறுதியாக ஏற்க முடியாது. இசை நம்மை மெதுவாக நடக்க வைத்துக் கூடுதலாக வாங்க வைக்கிறது என்பது அவற்றில் ஒன்று. 1982-இல் ரொனால்ட் மில்லிமன் வெளியிட்ட ஆய்வில், மெதுவான இசை ஒலித்தபோது வாடிக்கையாளர்கள் மெதுவாக நடந்ததும் விற்பனை கூடியதும் பதிவாகியிருப்பது உண்மை. ஆனால் அது சூப்பர் மார்க்கெட்டில் நடந்தது. தள்ளுவண்டியோடு அலமாரிகளுக்கிடையே போகிறவரின் நடையும், நான்கு தளங்களில் உலவும் ஒருவரின் நடையும் ஒன்றல்ல. மால்களில் கடிகாரமும் சன்னலும் இல்லாதது நேரம் தெரியக் கூடாது என்பதற்காகவே என்ற பேச்சும் பாதிதான் சரி. சன்னல் இல்லாததற்கு முதல் காரணம் சுவர் முழுவதும் சரக்கு அடுக்கத் தேவைப்படுவதும், வெயிலால் குளிரூட்டும் செலவு கூடுவதும்தான். நுழைந்ததும் திகைத்து, வந்த வேலையை மறந்து அலையத் தொடங்கும் நிலைக்குக் குரூயனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவரோ வந்தவர் வழி தெரிந்து அமைதியாக இருக்க வேண்டும் என்றுதான் திட்டமிட்டார். அந்தத் திகைப்பு சிலருக்கு உண்டாவதைக் கண்டிருக்கிறேன், ஆனால் அதை எல்லாருக்கும் பொதுவான விதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மால் எவ்வளவுதான் பொதுச் சதுக்கம்போலத் தோன்றினாலும் அது பெரும்பாலும் தனியாருக்கு உரிய இடம்; அங்கே நிற்பதும் உட்காருவதும் படமெடுப்பதும் உரிமையாளரின் இசைவோடுதான். லண்டனில் 1819-இல் திறந்த பர்லிங்டன் ஆர்கேட் என்ற கூரையிட்ட கடைவீதியில் தொடக்கம் முதலே சொந்தக் காவலர்கள் இருந்தார்கள், விசிலடிப்பதற்குக்கூடத் தடை இருந்தது. அமெரிக்காவில் ஒரு வணிக வளாகத்துக்குள் மாணவர்கள் மனுவுக்குக் கையெழுத்துத் திரட்டிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1980-இல் தீர்ப்பானது. அத்தகைய பேச்சுரிமையை ஒரு மாநிலம் தன் அரசமைப்பின் வழியே மால்களுக்குள்ளும் தரலாம் என்று அந்தத் தீர்ப்பு கூறியது. தர வேண்டும் என்று கூறவில்லை. வாங்காதவரை ஒரு மால் எப்படி நடத்துகிறது என்பது இதனால்தான் வெறும் ரசனைப் பிரச்சினையாக நின்றுவிடுவதில்லை. காப்பிக் கடைக்குச் சொந்தமில்லாத நாற்காலிகள் எத்தனை, கழிப்பறை நடைவழியிலேயே இருக்கிறதா அல்லது மூன்று திருப்பங்கள் தாண்டிச் சரக்கு வாசலருகே ஒளிந்திருக்கிறதா, சக்கர நாற்காலியில் வருபவர் மற்றவர்களோடு அதே வழியில் போக முடிகிறதா என்று பார்த்தாலே உரிமையாளரின் மனம் விளங்கிவிடும்.

எங்கே போனாலும் உதவக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். போவதற்கு முன் அந்த மாலின் ஆங்கர் கடைகள் இயங்குகின்றனவா என்று விசாரியுங்கள். பெருங்கடை மூடினால் வாடகையைக் குறைக்கவோ வெளியேறவோ உரிமை தரும் விதி பல சிறுகடைகளின் ஒப்பந்தத்தில் இருக்கும். அதனால் ஒன்று மூடியதும் மற்றவை வரிசையாகக் காலியாகும், பெயர்பெற்ற மால்கூடச் சில ஆண்டுகளில் வெறிச்சோடிவிடும். முடிந்தால் வார நாளில், கடைகள் திறந்த சிறிது நேரத்தில் போங்கள். கட்டடம் அப்போதுதான் கண்ணில் படும். கார் நிறுத்துமிடத்து லிப்ட் வழியே நுழையாமல் தெருப்பக்க வாயிலைத் தேடி நுழையுங்கள், ஏனெனில் வடிவமைத்தவர் உங்களுக்குக் காட்ட நினைத்த முதல் காட்சி அங்கேதான் இருக்கும். பிறகு லிப்டில் மேல்தளத்துக்குப் போய், எஸ்கலேட்டர்களில் ஒவ்வொரு தளமாக இறங்குங்கள். இறங்கும்போது முழு முற்றமும் கண்முன் விரிவதோடு, கால்வலி தொடங்கும் நேரத்தில் வாயிலுக்கு அருகிலேயே வந்து சேர்ந்திருப்பீர்கள்.